பழைய புல்லட்டின் கார்புரேட்டர்: சுத்தம் செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவொற்றியூர் ஆலையில் உருவான, காஸ்ட் அயர்ன் எஞ்சின் கொண்ட 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இன்றும் அன்றாடம் ஓட்டுகிறவர்களையும், வீட்டில் நெடுநாள் நின்ற வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர விரும்புகிறவர்களையும் மனத்தில் கொண்டு இந்தக் கேள்வி-பதில் தொகுக்கப்பட்டுள்ளது. அந்த வண்டிகளில் பழையவற்றில் அமால் மோனோபிளாக் வகைக் கார்புரேட்டர் இருக்கும். பிற்காலத்தவற்றில், ஜப்பானின் மிக்குனி நிறுவனத் தொழில்நுட்பத்தைக் கொண்டு சென்னையின் யூக்கால் நிறுவனம் தயாரித்த மிக்கார்ப் வி.எம். 24 இருக்கும். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் மிக்கார்ப்பைப் பற்றியவை. எனினும் ஸ்லைடும் (ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் பகுதி) அதில் தொங்கும் ஊசியும் கொண்ட எந்தக் கார்புரேட்டருக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால், பழைய யமஹா, ராஜ்தூத் வண்டிகள் வைத்திருப்பவர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கார்புரேட்டர் உண்மையில் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து, அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோலைச் சேர்ப்பதே அதன் வேலை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தில் பெட்ரோல் கூடினால் கலவை ‘ரிச்’ என்றும், குறைந்தால் ‘லீன்’ என்றும் பட்டறையில் சொல்வார்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று கார்புரேட்டரின் குறுகலான துளை வழியாக வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடும் இடத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. கீழே உள்ள கிண்ணத்தில், அதாவது ஃப்ளோட் பவுலில், தேங்கி நிற்கும் பெட்ரோலின் மேற்பரப்பில் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசமே பெட்ரோலை ஜெட்டின், அதாவது அளவெடுத்த துளையுள்ள சிறு பித்தளைத் திருகின், வழியாக மேலே தள்ளுகிறது. பவுலுக்குள் வெளிக்காற்று வர விடும் சிறு துளை அடைபட்டாலும் வண்டி தடுமாறுவது இதனால்தான்.

ஒரே ஒரு ஜெட் போதாதா? இத்தனை துளைகள் எதற்கு?

எஞ்சின் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுமானால் ஒரு ஜெட் போதும். நிற்கும் வண்டியில் ஐட்லிங்கில் தேவைப்படும் பெட்ரோலும், ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் தேவைப்படும் பெட்ரோலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள அளவு வேறுபட்டவை. எனவே கார்புரேட்டர், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு வழிகளில் பெட்ரோலைக் கொடுக்கிறது. மூடிய நிலையிலிருந்து ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும், ஐட்லிங் கலவையைத் திருகிச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவும் பொறுப்பு. எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்டுள்ள பகுதியின் உயரம் முக்கியம். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசியும், அந்த ஊசி ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. அதற்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. இந்த எல்லைகள் கோடு போட்டுப் பிரித்தவை அல்ல. ஒன்று ஓயும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும்.

மேலே உள்ள பத்தி ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் பாதி வேலை முடிந்தது என்பேன். வண்டி எந்த நிலையில் தடுமாறுகிறது என்று தெரிந்தால், கார்புரேட்டரின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டர் கைப்பிடியின் ரப்பரிலும் அதை ஒட்டிய நிலையான பகுதியிலும் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுத் திறப்பு ஆகியவற்றைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காலியான சாலையில் ஓட்டிப் பார்த்து, மிஸ்ஸிங் எந்தக் குறியில் வருகிறது என்று கவனியுங்கள். ஸ்பீடோமீட்டரைப் பார்க்க வேண்டாம், குறியை மட்டும் பாருங்கள். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டரிலும் நான்காவது கியரில் 60 கிலோமீட்டரிலும் அதே குறியில் கோளாறு வந்தால், அது அந்தக் குறிக்குரிய வழியின் கோளாறாகவே இருக்கும்.

கோளாறு கார்புரேட்டரில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

மற்றவற்றை முதலில் விலக்கிவிட்டுத்தான். கார்புரேட்டர் என்று சொல்லி வரும் புகார்களில் பல, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டிலும் கண்டென்ஸரிலும் போய் முடிகின்றன. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, ஸ்பார்க் பிளக்கில் நீலப் பொறி வலுவாக வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் டேப்பட் மூடியைத் திறந்து, வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான புஷ்ராடுகள் விரலால் தடையின்றிச் சுழல்கின்றனவா, மேலும் கீழும் ஆட்டமில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் தூசி அடைத்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த ஜெட்டைத் தொட்டும் பயனில்லை.

பத்து பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, திடீரெனத் தாகம் எடுத்ததுபோல் நின்றுபோகும் வண்டியில் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்று இழுக்கும் ஓசை கேட்டு வண்டி உடனே கிளம்பினால், மூடியில் உள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அடுத்து, பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பெட்ரோல் தடையின்றி ஒரே தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால், டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பின் சல்லடையில் துருவோ தூளோ அடைத்திருக்கிறது. பாட்டிலின் அடியில் செம்மண் போன்ற படிவு தங்கினால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்துள்ளது என்று பொருள். டேங்கைக் கவனிக்காமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் அதே தூள் மறுபடியும் ஜெட்டில் வந்து உட்காரும்.

கடைசியாக, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே காற்று கசிகிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கெட்டியான எண்ணெயைத் தூரிகையால் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளிழுக்கப்பட்டு எஞ்சினின் ஓட்டம் மாறும். பெட்ரோலையோ ஸ்ப்ரே கிளீனரையோ சூடான எஞ்சின் மேல் அடித்துச் சோதிக்கும் பழக்கம் நெருப்போடு விளையாடுவதாகும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை மாதத்திற்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்?

நாள் கணக்கு எதுவும் தேவையில்லை. ஒழுங்காக ஓடும் வண்டியின் கார்புரேட்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றுவதால் ஸ்க்ரூ தலைகள் தேய்வதும் கேஸ்கெட் கிழிவதும்தான் மிஞ்சும். பவுலின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்ப்பது போதுமானது. அதில் தண்ணீர்த் துளியோ தூளோ தெரிந்தால் கழற்றலாம்.

கழற்றும்போது எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

காற்றோட்டமான இடத்தில், அருகில் விளக்கோ அடுப்போ இல்லாமல், எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, பவுலில் உள்ளதை வடித்துவிட வேண்டும். வெளிப்புறத்தைத் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் முதலிலேயே துடைத்துவிடுங்கள். இல்லையென்றால், திறந்தவுடன் அந்த மண் உள்ளே விழும். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகிக் கழற்றினால், ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் சேர்ந்து வெளியே வரும். ஊசி வளைந்துவிடாமல் அவற்றை ஒரு துணியில் சுற்றி ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். பிறகு ஏர் ஃபில்டர் குழாயின் கிளாம்பையும், ஹெட் பக்கத்து நட்டுகளையும் தளர்த்தினால் கார்புரேட்டர் கையோடு வந்துவிடும்.

பவுலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள்தான் பலரின் பொறுமையைச் சோதிப்பவை. பழைய ஸ்க்ரூவின் தலையில் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் அதன் குழி உருண்டையாகிவிடும். முதலில் துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு, பொருத்தமான ஸ்க்ரூடிரைவரைத் தலையில் நிறுத்தி, அதன் பின்புறத்தில் சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

பவுல் வந்தவுடன் கேஸ்கெட்டைக் கவனமாகப் பிரித்து எடுங்கள். அடுத்தது ஃப்ளோட்டை, அதாவது பவுலுக்குள் இருக்கும் மிதவையை, தாங்கும் மெல்லிய பின். அதன் ஒரு முனை சற்று அகலமாகவோ வரிவரியாகவோ இருந்தால், மறுமுனையிலிருந்துதான் தள்ள வேண்டும். பின்னைத் தாங்கும் இரண்டு சிறு தூண்களும் உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டவை. தவறான திசையில் சுத்தியலால் தட்டினால் தூண் முறிந்து, அந்த உடலே வீணாகிவிடும். ஃப்ளோட்டோடு சேர்ந்து வரும் சிறிய வால்வு ஊசி கீழே விழுந்து உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஜெட்டைக் கழற்றிய பிறகு நீடில் ஜெட்டை மேல்நோக்கித் தள்ளி எடுக்கலாம். அதன் பக்கவாட்டில் உள்ள காடி, உடலில் உள்ள ஒரு பின்னோடு பொருந்தி நிற்பதைக் கவனித்துவையுங்கள். பைலட் ஜெட் அதன் அருகே ஓர் ஆழமான குழிக்குள் இருக்கும். அந்தப் பித்தளைத் தலையின் காடி மிக மென்மையானது. காடியின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தும்படி ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையை அரத்தால் ராவி வைத்துக்கொள்வது, இந்த வேலைக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முன்னேற்பாடு.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முட்டிய பிறகும் இறுக்கினால் ஸ்க்ரூவின் கூர்முனை அது அமரும் இடத்தைச் சிதைத்துவிடும்.

எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்? பைலட் ஜெட்டைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பது ஏன்?

பெட்ரோல் ஆவியாகும்போது அதன் கனமான பகுதி கோந்துபோல் தங்கிவிடும். நீண்ட நாள் நின்ற வண்டியின் பவுலில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருப்பது அதுதான். மெயின் ஜெட்டின் துளை ஓரளவு பெரியது என்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பைலட் ஜெட்டின் துளையோ மிக நுண்ணியது. சிறிதளவு கோந்து படிந்தாலும் அதன் பரப்பில் பாதி போய்விடும். வண்டி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும் என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பைலட் ஜெட்டைக் கையில் எடுத்து, வெயில் படும் வானத்தை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சுத்தமான ஜெட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாக, விளிம்பு தெளிவாகத் தெரியும். பிறை போலவோ மங்கலாகவோ தெரிந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. வெளிச்சம் தெரிந்துவிட்டது என்பதற்காகவும் நிறுத்திவிட வேண்டாம். ஜெட்டின் பக்கவாட்டில் காற்று கலப்பதற்கான மிகச் சிறு துளைகள் இருந்தால், அவையும் திறந்திருக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதி, மீண்டும் ஊறவைத்து ஊதுவதே முறை. அப்படியும் போகாத அடைப்புக்கு, பல இழைகள் கொண்ட மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு மெல்லிய செம்பு இழையைப் பிரித்து மெதுவாக நுழைக்கலாம். ஊக்கு, கிட்டார் கம்பி, துளைபோடும் பிட் போன்ற எஃகுப் பொருள்கள் எதுவும் ஜெட்டைத் தொடக் கூடாது. ஜெட்டின் தலையில் பொறித்துள்ள எண் அதன் துளையின் அளவுக்கு உரியது. எஃகு உரசித் துளை பெரிதானால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

ஜெட்டுகளைவிட முக்கியமானவை, கார்புரேட்டரின் உடலுக்குள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத வழிகள். பலர் ஜெட்டைக் கழுவிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். பைலட் ஜெட் இருந்த குழிக்குள் ஸ்ப்ரே குழாயை வைத்து அடித்தால், ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கம் உள்ள சிறு துளையிலிருந்தும், ஸ்லைடின் அடியில் மறைந்திருக்கும் இன்னொரு துளையிலிருந்தும், ஏர் ஸ்க்ரூ இருந்த இடத்திலிருந்தும் திரவம் பீறிட்டு வர வேண்டும். மூன்றையும் தனித்தனியே விரலால் அடைத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். காற்று நுழையும் வாயின் விளிம்பில் உள்ள துளைகளையும் இதேபோல் சோதியுங்கள். ஸ்ப்ரே எந்தத் துளையிலிருந்து எங்கே திரும்பிப் பாயும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ரப்பர் ஓ-ரிங், கேஸ்கெட், ஃப்ளோட் ஆகியவற்றை முன்பே எடுத்துவிட வேண்டும். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும்.

புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, தின்னர் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

புளியும் எலுமிச்சையும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஏற்றவை, கார்புரேட்டருக்கு அல்ல. கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையிலோ அலுமினியத்திலோ வார்க்கப்பட்டது. அமிலம் இவ்விரண்டையும் அரிக்கும். சாற்றில் கொதிக்க வைத்தால் வெளியே பளபளப்பாகத் தெரியும் உடலின் உட்புறத்தில், அரிப்பினால் உண்டான வெண்தூள் மெல்லிய வழிகளில் தங்கிவிடும். தின்னர் கோந்தைக் கரைக்கும் என்பது உண்மைதான். ரப்பர் பகுதிகள் இல்லாதபோது சிறிது நேரம் பயன்படுத்தலாம். மிதமான சோப்புக் கரைசலும் வெந்நீரும் நிரப்பிய அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த உடனே எல்லா வழிகளையும் காற்றால் ஊதி உலர்த்த வேண்டும்.

நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஒழுகுகிறது. என்ன காரணம்?

பவுலில் பெட்ரோல் நிறையும்போது ஃப்ளோட் மிதந்து எழுந்து, வால்வு ஊசியைத் தள்ளி வரத்தை மூடுகிறது. மூடவில்லை என்றால் நான்கில் ஒரு காரணம் இருக்கும்: ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையே தூள், ஊசியின் கூம்பு முனையில் தேய்மானம், ஃப்ளோட்டில் ஓட்டை, அல்லது ஃப்ளோட்டின் உயரம் தவறாக இருப்பது. ஊசிமுனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வளையம்போல் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே திரவம் குலுங்கும் ஓசை கேட்கக் கூடாது.

உயரத்தைச் சரிபார்க்க, கேஸ்கெட்டை எடுத்துவிட்டு உடலைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு ஊசியை மெல்லத் தொடும் நிலையில், பவுல் அமரும் பரப்பிலிருந்து ஃப்ளோட் வரை அளந்து கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ஊசியில் ஸ்பிரிங் வைத்த முனை இருந்தால், ஃப்ளோட்டின் எடையால் அது அமுங்கிவிடாதபடி உடலைச் சற்றுச் சாய்த்து அளக்க வேண்டும். பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் எல்லா நிலையிலும் கலவை ரிச் ஆகும், தாழ்ந்தால் லீன் ஆகும். ஜெட்டை மாற்றும் முன் மட்டத்தைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒழுகலைச் சிறு தொல்லையென்று விட்டுவிடக் கூடாது. வெளியே வராத பெட்ரோல், திறந்திருக்கும் இன்லெட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் தண்ணீராகிப் பெட்ரோல் வாசம் அடித்தால் அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள். எந்த நிலையிலும், வண்டியை நிறுத்தியவுடன் டேப்பை மூடும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் மைலேஜ் வரவில்லை. ஏன்?

ஊசியும் நீடில் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கலாம். அன்றாட ஓட்டத்தின் பெரும்பகுதி கால் திறப்பிலிருந்து அரைத் திறப்புக்குள் நடப்பதால், தேய்மானமும் அதே பகுதியில்தான் சேர்கிறது. வட்டமான துளை நீள்வட்டமாகிவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். எந்தச் சுத்தத்தாலும் அது குறையாது. ஊசியின் பக்கத்தில் விரலால் தடவும்போது படிபோல் தட்டுப்பட்டாலோ, பளபளப்பான வரி தெரிந்தாலோ இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஊசியின் தலையில் உள்ள கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் ஊசி தாழ்ந்து கலவை லீன் ஆகும், கீழ்க் காடிக்கு மாற்றினால் ரிச் ஆகும். தேய்ந்த ஜெட்டை இப்படிச் சமாளிப்பது தற்காலிகம்தான்.

ஸ்லைடும் தேயும். அதை முன்னும் பின்னும் அசைத்தால் லொடலொடவென்று ஆடுமானால், அதன் ஓரம் வழியாகக் காற்று புகுந்து ஐட்லிங் நிலையாக நிற்காது.

மீண்டும் மாட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஸ்லைடின் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டுக் காடி உடலில் உள்ள பின்னில் பொருந்தினால் இது தானாகவே அமையும். பொருந்தாமல் அழுத்தி மூடினால் ஆக்ஸிலேட்டர் திறந்தபடி சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே எஞ்சினை இயக்கும் முன் கைப்பிடியை முறுக்கி விட்டு, ஸ்லைடு ‘டக்’கென்று கீழே இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பியும் இதைச் செய்து பாருங்கள். ஜெட்டுகளைக் கையிறுக்கத்துக்கு மேல் சற்றே இறுக்கினால் போதும். ஹெட் பக்கத்து நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமாக முறுக்கி முறுக்கி ஃபிளாஞ்ச், அதாவது ஹெட்டோடு பொருந்தும் தட்டையான விளிம்பு, வளைந்துபோன பழைய அமால் கார்புரேட்டர்கள் ஏராளம். சந்தேகமிருந்தால் தடித்த கண்ணாடியின் மேல் நைஸ் எமரித்தாளை விரித்து, ஃபிளாஞ்சை அதில் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

ஐட்லிங்கை எப்படி வைப்பது?

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே தொடங்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை முட்டும்வரை உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடக்க நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்று உயர்த்திவிட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுகளாகத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைத் தேடுங்கள். அது கிடைத்ததும் ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, உள்ளே திருகினால் கலவை ரிச் ஆகும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளக்கிறது, உள்ளே திருகினால் லீன் ஆகும். ஏர் ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தாலும் வேறுபாடு தெரியவில்லை என்றால் பைலட் வழியில் கோளாறு இன்னும் இருக்கிறது.

ஒவ்வோர் அடியையும் தனித்தனியே எண்ணலாம் என்ற அளவுக்கு ஐட்லிங்கைக் குறைத்து வைப்பதைப் புல்லட்டின் அழகாகக் கருதுகிறவர்கள் பலர். அந்த ஓசையின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் ஆயில் பம்ப் எஞ்சினின் வேகத்தோடுதான் சுழல்கிறது. சூடான எஞ்சினை நெடுநேரம் அவ்வளவு மெதுவாக ஓட விட்டால் பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோடு இணையும் பேரிங்குக்கு, போகும் ஆயில் குறைகிறது. நிதானமான, நடுங்காத ஐட்லிங்கே வண்டிக்கு நல்லது.

கலவை சரியாக இருக்கிறதா என்று பிளக்கைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பீங்கானின் முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் நன்று. கரி படிந்து கறுத்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன். ஆனால் வீட்டு வாசலில் ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்த வண்டியின் பிளக் ஐட்லிங்கைப் பற்றி மட்டுமே பேசும். மெயின் ஜெட்டை அறிய வேண்டுமானால் பாதுகாப்பான சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, நிறுத்திய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சோக்கை எப்போது, எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

மிக்கார்ப்பில் உள்ளது காற்றை அடைக்கும் தகடு அல்ல. தனி வழியில் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும் ஒரு சிறு பிளஞ்சர் அது. ஸ்லைடு மூடியிருக்கும்போதுதான் அந்த வழியில் போதிய இழுவிசை கிடைக்கும். ஆகவே சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு கிக்கரை உதைப்பவர்கள், சோக்கின் பயனைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். கையை எடுத்துவிட்டு உதையுங்கள். அமாலிலும், மைசூரில் உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளின் ஜிக்கோ கார்புரேட்டரிலும் ஃப்ளோட்டை அழுத்திப் பெட்ரோலை வழியவைக்கும் பித்தான் உண்டு. பெட்ரோல் கசியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய கார்புரேட்டருக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு. நம் நாட்டில் 2025-இல் 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கு எட்டப்பட்டது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் கலவை சற்று லீன் ஆகும். எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாவதும், ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிப்பதும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஊசியை ஒரு காடி உயர்த்துவது, தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவது ஆகியவை நியாயமான தீர்வுகள். இதைவிடப் பெரிய தொல்லை, எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. நின்ற வண்டியின் பவுலில் தண்ணீர் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் ஓ-ரிங்குகளும் இளகிப்போகும். அவற்றை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஊட்டிக்குப் போனால் வண்டி திணறுகிறது. அதுவும் கார்புரேட்டர் கோளாறா?

கோளாறு இல்லை. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், சமவெளிக்கு வைத்த ஜெட் அங்கே ரிச் ஆகிவிடுகிறது. இரண்டு நாள் பயணத்துக்காக எதையும் மாற்ற வேண்டாம். அங்கேயே குடியிருப்பவர்கள் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இரண்டு கார்புரேட்டர் உள்ள ராஜ்தூத் 350-இல் கூடுதலாக என்ன செய்ய வேண்டும்?

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்த அந்த 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கார்புரேட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினாலும் உதிரிகளைத் தனித்தனித் தட்டில் வையுங்கள். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த பகுதிகளை இடம் மாற்றக் கூடாது. மாட்டிய பிறகு இரண்டு ஸ்லைடுகளும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை ஸ்லைடுகளின் அடியில் வைத்து, ஆக்ஸிலேட்டரை மிக மெதுவாக முறுக்கினால் இரண்டும் ஒருசேரத் தளர்ந்து அசைய வேண்டும். ஒன்று முந்தினால் கேபிள் அட்ஜஸ்டரால் சரிசெய்யுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பக்கம் லீன் ஆனால் அந்தப் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளக்கூடும். இந்த வண்டியில் சமநிலை பார்க்காமல் வேகமெடுக்க வேண்டாம்.

பழையதைச் சீர்செய்வதா, புதிய கார்புரேட்டர் வாங்குவதா?

உடலும் ஸ்லைடு ஓடும் துளையும் நன்றாக இருந்தால் ஊசி, நீடில் ஜெட், ஃப்ளோட் வால்வு, கேஸ்கெட் ஆகியவற்றை மாற்றினால் போதும். ஸ்லைடு துளை தேய்ந்திருந்தால் புதியதே சிக்கனம். சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உதிரிகள் கிடைக்கும். ஆனால் விலை மலிந்த ஜெட்டுகளில் பொறித்த எண்ணுக்கும் துளைக்கும் தொடர்பில்லாமல் இருப்பது உண்டு. எனவே வண்டியோடு வந்த ஜெட்டுகளைத் தூக்கி எறியாமல் சிறு டப்பாவில் எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியதைப் போட்டு ஓட்டம் கெட்டால் பழையதை மாட்டிப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடிக்கலாம்.

வண்டியை இரண்டு மூன்று மாதம் நிறுத்தி வைக்க நேர்ந்தால்?

டேப்பை மூடி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டாலும் பவுலின் அடியில் சிறிது பெட்ரோல் தங்கும். அதனால் வடிகால் ஸ்க்ரூவையும் திறந்து முழுவதும் வடித்துவிடுங்கள். இரும்பு டேங்கை நிறைத்து வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது, துரு குறையும். திரும்ப எடுக்கும் நாளில் டேப்பைத் திறந்து, பவுல் நிறைய ஒரு நிமிடம் பொறுத்து, ஒழுகல் இல்லை என்று அடியில் கைவைத்துப் பார்த்த பிறகு கிக்கரை உதையுங்கள்.